ஆறாம் நம்பருக்கு நான் கொடுத்த ப்ராக்ஸி

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பிய ஒரு சொகுசுக் கப்பலில் நடந்தது இது. கடலுக்குள் போய் இரண்டு இரவு சுற்றிவிட்டு அதே துறைமுகத்துக்குத் திரும்பி வருகிற கப்பல். நாங்கள் பெங்களூர் காக்ஸ் டவுன்காரர்கள். எங்கள் சர்ச்சில் தெருவுக்கொரு ஜெபக்குழு உண்டு, அன்பியம் என்போம். எங்கள் அன்பியத்திலிருந்து, உறவில் ஒருவரையும் சேர்த்து, பதினோரு பேர் போனோம். தவக்காலத்தில் யாராவது கப்பல் டூர் போவார்களா என்று கேட்காதீர்கள். நான் ஸ்கூல் டீச்சர். பரீட்சை முடிந்து பேப்பர் திருத்தக் கூப்பிடுவதற்குள் எனக்குக் கிடைத்தது அந்த நாலு நாள்தான். வியாழக்கிழமை ஏறி, சனிக்கிழமை காலையில் இறங்கி, ஞாயிறு பூசைக்கு ஊருக்கு வந்துவிடலாம் என்று திட்டம் போட்டோம். நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை வருகிறதே என்று யாரும் யோசிக்கவில்லை. ஒருவர் மட்டும் யோசித்திருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதலில் என் கணவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அங்கே தீ விபத்து ஒத்திகை, ஆள் எண்ணிக்கை எல்லாம் இவர் பொறுப்பு. நல்ல விஷயம்தான். ஆனால் அதைத் தொழிற்சாலையிலேயே விட்டுவிட்டு வரக்கூடாதா? டெம்போ டிராவலர் கிளம்புவதற்கு முன்பே எல்லோருக்கும் ஒரு நம்பர் கொடுத்துவிட்டார். கடலுக்குள் போனால் போன் எடுக்காது, யார் எங்கே இருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும் என்பது அவர் வாதம். ஆம்பூரில் டீ குடிக்க நிறுத்தினால் எண்ணிக்கை. துறைமுகத்தில் பாஸ்போர்ட் காட்டிவிட்டு வந்தால் எண்ணிக்கை. அதுவும் வேலைப் பழக்கத்தில் கன்னடத்தில். அவர் ‘ஒந்து’ என்று ஆரம்பிப்பார், அடுத்தவர் ‘எரடு’ என்று சொல்லவேண்டும், அப்படியே பதினொன்று, ‘ஹன்னொந்து’ வரைக்கும் போகவேண்டும். என் நம்பர் ஐந்து, அதாவது ‘ஐது’. வரிசையில் நின்ற வேறு ஊர்க்காரர்கள் எங்களைப் பார்த்து ஏதோ ஸ்கூல் சுற்றுலா என்று சிரித்தார்கள். முப்பது பிள்ளைகளை மேய்த்துவிட்டு நாலு நாள் நிம்மதியாக இருக்கலாம் என்று வந்தால், இங்கே என்னையே வரிசையில் நிற்கவைத்து அட்டெண்டன்ஸ் எடுக்கிறார். எப்படி இருக்கும் எனக்கு?

ஆறாம் நம்பர், அவருடைய அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். நீலசந்திராவில் தனியாக இருக்கிறார். அவர் கணவர் தவறிப்போய் வெகு காலமாகிறது. அறைக்கு இரண்டு பேர் என்பதால் அண்ணியும் நானும் ஒரு அறை. என் கணவருக்கு அன்பியத்திலேயே இன்னொருவரோடு வேறு அறை. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் கழித்துக் கப்பலில் போகிறோம், புருஷன் ஒரு மூலையில், நான் ஒரு மூலையில்.

அண்ணி ஆரம்பத்திலிருந்தே என் உயிரை வாங்கினார். கப்பலில் மின்சாரக் கெட்டில் கொண்டுவரக்கூடாது என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே? புடவைக்குள் சுற்றிக் கொண்டுவந்து, ஸ்கேனிங்கில் மாட்டி, அந்த செக்யூரிட்டிப் பையனிடம் கன்னடத்தில் சண்டை போட்டார். அவனோ சென்னைக்காரன். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் என்னைத்தான் முறைத்தார்கள். கடைசியில் கெட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு சீட்டுக் கொடுத்தான். அறைக்குள் வந்தால் ஏசி குளிர் என்று ஸ்வெட்டர், குரங்குக் குல்லா. கக்கூஸில் தண்ணீர் உறிஞ்சும் சத்தம் ஆளையே இழுத்துவிடும் போலிருக்கிறதாம், அதனால் நான் வாசலில் நிற்கவேண்டும். கதவைத் திறக்கும் கார்டை முதல் நாளே இரண்டு தடவை தொலைத்தார். ‘போதும்டா சாமி, இனி யாரோடும் எங்கேயும் வரமாட்டேன்’ என்று மனசுக்குள் ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை. அண்ணிக்குச் சர்க்கரை நோய் உண்டு. சாப்பாட்டுக்கு முன்னால் போடவேண்டிய மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன், முழுங்கினார். மேல்தளத்தில் டிபன். வேண்டியதை நாமே எடுத்துக்கொள்ளலாம். அண்ணி தட்டில் இட்லி, வடை, வாழைப்பழம் என்று குவித்து எடுத்துவந்தார். கைப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போய் நான் ஜூஸ் எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறேன், பாதித் தட்டு காலி, மீதி அப்படியே கிடக்கிறது, அவர் ஜன்னலோரம் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். மேசையைச் சுத்தம் செய்ய வந்தவர் அந்தத் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு மானம் போயிற்று.

“சாப்பிடாததை ஏன் அண்ணி எடுக்கிறீங்க? என்ன, வீடுன்னு நெனச்சீங்களா?”

சத்தமாகவே கேட்டுவிட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மத்தியானம் அவர் பக்கத்தில் உட்காரவே எனக்கு விருப்பமில்லை. என் கைப்பையை அவர் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, நான் ஏழாம் நம்பரான அன்பியத்துத் தோழியோடு வேறு மேசையில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மூன்று மணிக்கு அறைக்கு வந்து படுத்தார். ஐந்து மணிக்குக் கீழே தியேட்டரில் மேஜிக் ஷோ. நாலரை மணிக்குக் கூப்பிட்டேன். கண்ணைத் திறக்காமலே, ‘நீ போ, நான் பின்னாடி வர்றேன்’ என்றார். குரல் கொஞ்சம் குழறியது. தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்லவேண்டுமானால், ஒரு மணி நேரம் அண்ணி இல்லாமல் நிம்மதியாக இருக்கலாம் என்று சந்தோஷமாகக் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினேன்.

தியேட்டர் வாசலில் திருவிழாக் கூட்டம். உள்ளே பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கிறது. இடம் பிடிக்க ஜனம் முண்டியடிக்கிறது. என் கணவர் அங்கேயும் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தூணோரம் நின்றுவிட்டார். ‘பேகா, பேகா’ என்று அவசரப்படுத்திக்கொண்டே ‘ஒந்து’ என்றார். அண்ணி அறையில் இருக்கிறார் என்று நான் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ‘ஆள் குறைந்தால் நகரக்கூடாது’ என்பார். ஒருவரை அறைக்கு அனுப்புவார். லிஃப்டுக்கு நிற்கவேண்டும், அண்ணி புடவை மாற்றவேண்டும், கார்டைத் தேடவேண்டும். அதற்குள் மேஜிக்காரர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்.

எரடு, மூரு, நால்கு என்று வந்தது. நான் ‘ஐது’ என்றேன். கூட்டத்துக்குள் தலையைக் கொஞ்சம் குனிந்து, குரலைக் கட்டையாக்கி, ‘ஆறு’ என்றும் சொன்னேன். ஆறுக்கு மட்டும் தமிழும் கன்னடமும் ஒன்றுதான். சொல்வதற்குச் சுலபமாக இருந்தது. ஏழாம் நம்பருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு ‘ஏளு’ என்றாள். இவர் நோட்டில் டிக் போட்டுக்கொண்டே போனார். வகுப்பில் தோழிக்காகப் ‘பிரசன்ட் மிஸ்’ சொன்ன பெண்ணை ஒரு பீரியட் முழுக்க வெளியே நிற்கவைத்தவள் நான். அது அப்போது என் நினைவுக்கே வரவில்லை.

ஷோ நன்றாகத்தான் இருந்தது. முக்கால் மணி நேரம் போயிருக்கும். கைக்குட்டை எடுக்கப் பைக்குள் கையை விட்டால் பிசுபிசு என்று ஏதோ தட்டுப்பட்டது. வெளியே எடுத்துப் பார்த்தேன். டிஷ்யூவில் சுற்றிய இரண்டு இட்லி, ஒரு வடை. கீழே ஒரு வாழைப்பழம். இன்னொரு டிஷ்யூவில் மடித்த சப்பாத்தி. என் நல்ல தோல் பையின் உள்பக்கமெல்லாம் எண்ணெய். எனக்கு வந்த கோபத்துக்கு, அப்போதே எழுந்துபோய் இரண்டு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்றிருந்தது. என்ன கேட்பது என்று மனசுக்குள் கோர்த்துக்கொண்டே வந்தேன். காலை டிபனையும் என் பைக்குள் போட்டீர்கள், மத்தியானச் சாப்பாட்டையும் என் பைக்குள் போட்டீர்கள் என்று அடுக்கும்போதுதான் சட்டென்று உறைத்தது. இரண்டும் பைக்குள் இருக்கிறது என்றால், அண்ணி என்ன சாப்பிட்டார்?

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. தவக்காலத்து வெள்ளி. எங்கள் பக்கம் ஒருசந்தி என்போம். நாளுக்கு ஒரே ஒரு வேளைதான் சாப்பாடு, அதுவும் கறி மீன் இல்லாமல். சர்க்கரை நோய் வந்த பிறகு ஒருசந்தி இருக்கவே கூடாது என்று சர்ச் சாமியாரே அண்ணியிடம் சொல்லியிருந்தார். அவர் கேட்கவில்லை. சிலுவைப்பாதை ஜெபம் சொல்லிவிட்டுச் சாயங்காலம் ஒரே வேளையாகச் சாப்பிடுவதற்குத்தான் எடுத்து வைத்திருக்கிறார். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டிருக்கிறார். அந்த மாத்திரையை என் கையாலேயே கொடுத்திருக்கிறேன்.

கால் தடுக்கத் தடுக்க ஓடினேன். லிஃப்டுக்கு நிற்கவில்லை, நாலு மாடி படியேறினேன். கார்டை வைத்தால் கதவு முதல் தடவை திறக்கவில்லை. உள்ளே, கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவில், தரையில் கிடந்தார் அண்ணி. அத்தனை ஏசி குளிரிலும் ஸ்வெட்டர் தொப்பலாக நனைந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது. அண்ணி, அண்ணி என்று கத்துகிறேன், பார்க்கிறார், ஆனால் நான் யார் என்று தெரியவில்லை. மேசையில் டீக்குக் கொடுத்த சர்க்கரைப் பொட்டலம் இருந்தது. கிழித்துத் தண்ணீரில் கலக்கி வாயில் ஊற்றப் போனேன்.

“ஊத்தாதே, பொரையேறும்” என்று பின்னாலிருந்து என் கையைப் பிடித்தார் என் கணவர். நான் எழுந்து ஓடியதைப் பார்த்து, ஒரு தலை குறைகிறதே என்று அவரும் பின்னாலேயே வந்திருக்கிறார். அக்காவை ஒருக்களித்துப் படுக்கவைத்தார். அறையில் இருந்த போனில் அவசர நம்பருக்கு அடித்தார். ஐந்து நிமிஷத்தில் ஸ்ட்ரெச்சர் வந்தது.

கப்பலின் அடித்தளத்தில் சின்ன ஆஸ்பத்திரி. ஒரு பெண் டாக்டர், இந்தியும் இங்கிலீஷும் கலந்து பேசினார். சர்க்கரை முப்பத்தெட்டு என்றார். ஊசி ஏற்றி க்ளூக்கோஸ் ஓடவிட்டார். பிறகு எங்களைப் பார்த்து, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று கேட்டார். எவ்வளவு நேரம் இப்படிக் கிடந்தார் என்பதை வைத்துத்தான், இங்கேயே பார்த்துக்கொள்வதா, கரைக்கு அனுப்ப ஏற்பாடு செய்வதா என்று முடிவு செய்யவேண்டுமாம்.

என் கணவர் யோசிக்கவே இல்லை. ஐந்து மணிக்குத் தியேட்டர் வாசலில் இருந்தார், நானே எண்ணிக்கை எடுத்தேன், பதில் சொன்னார், நடுவில்தான் அறைக்குப் போயிருக்கவேண்டும் என்றார். நோட்டைத் திறந்து டிக்கைக் காட்டினார். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு எழுத ஆரம்பித்தார்.

இருபத்தாறு வருஷத்தில் அவர் முன்னால் அப்படித் தலைகுனிந்து நான் நின்றதில்லை.

“ஆறுன்னு சொன்னது நான். அண்ணி வரவே இல்ல.”

டாக்டரிடம் இங்கிலீஷில் மறுபடியும் சொன்னேன். மூன்று மணியிலிருந்து படுத்திருக்கிறார், நாலரைக்கே குரல் குழறியது, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, மாத்திரை மட்டும் உள்ளே போயிருக்கிறது. டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டு வேகமாக ஏதோ சொன்னார். இன்னொரு பாட்டில் வந்தது. கால் மணிக்கு ஒரு தரம் விரலைக் குத்திப் பார்த்தார்கள். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நோட்டை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் எனக்குத் தேவலை.

ஒரு மணி நேரம் கழித்து அண்ணிக்குத் தெளிந்தது. முதலில் தம்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து மணி என்ன என்று கேட்டார். சிலுவைப்பாதை சொல்லவில்லையே என்று வருத்தப்பட்டார். நான் அழுதுகொண்டே, ஒருசந்தி இருப்பதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா என்று கேட்டேன்.

“சொன்னா நீ கத்துவம்மா. அதான் சொல்லல” என்றார்.

குறையாகச் சொல்லவில்லை. மழை வரும், குடை எடுத்துக்கொண்டேன் என்பார்களே, அப்படிச் சாதாரணமாகச் சொன்னார். முந்தின நாளிலிருந்து நான் போட்ட கத்தல் ஒவ்வொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. கெட்டிலுக்குக் கத்தினேன், கார்டுக்குக் கத்தினேன், தட்டுக்குக் கத்தினேன்.

கரைக்கு அனுப்பத் தேவைப்படவில்லை. மறுநாள் காலை கப்பல் துறைமுகத்துக்கு வரும்வரை அங்கேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். வராந்தாவில் நிற்கும்போது என் கணவர்தான் முதலில் பேசினார். “எம்மேலயும் தப்பு இருக்கு. நான் குரலை எண்ணினேன், ஆளை எண்ணல” என்றார். அவ்வளவுதான். இன்றுவரை அதைப் பற்றி வேறு எதுவும் சொன்னதில்லை.

அண்ணி மாறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். இறங்கும்போது கெட்டில் சீட்டைத் தேடி எங்கள் பதினோரு பேரையும் இருபது நிமிஷம் நிற்கவைத்தார். எனக்கு எரிச்சல் வந்தது, வராமல் என்ன? இப்போதும் வருகிறது. ஆனால் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் ஸ்கூலுக்குப் போகும் முன் நீலசந்திராவுக்குப் போன் போட்டு, “அண்ணி, ஒருசந்தியா? நெஜத்த சொல்லுங்க, கத்தமாட்டேன்” என்று கேட்கிறேன். சில நாள் நிஜத்தைச் சொல்கிறார், அன்றைக்குப் பஸ் பிடித்துப் போய்ச் சாப்பிடவைத்துவிட்டு ஸ்கூலுக்குத் தாமதமாகப் போயிருக்கிறேன். வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது நோட்டைப் பார்ப்பதில்லை, முகத்தைப் பார்க்கிறேன்.

போன மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு வேனில் கிளம்பினோம். இவர் வழக்கம்போல ‘ஒந்து’ என்று ஆரம்பித்தார். என் முறை வந்தது, ‘ஐது’ என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பி அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தன் வாயால் ‘ஆறு’ என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இனி எத்தனை தடவை எண்ணினாலும் எனக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.