பாதியில் போன புத்தகம்

இஸ்திரி அக்கா என்ற பெயரை என் நாத்தனார் வீட்டுக் கல்யாணத்தில்தான் முதலில் கேட்டேன். “அம்பது வயசுல சின்னப் பிள்ளைங்க நாவல் படிக்கிறாளாம்!” என்று பந்தியே சிரித்தது.

தாய் போனபின், பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுத் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். சலவைக் கடையில் நாள் முழுக்க நின்று சட்டை தேய்த்துவிட்டு, தம்பி வீட்டுக்குத் திரும்பும் வழியில் நூலகத்தில் இளவட்டங்களுக்கான நாவலாகப் பார்த்து எடுத்து வருவாள். அப்படி ஒன்றில், வீட்டை விட்டு ஓடிய பெண்ணின் படகு நடுக்கடலில் புயலில் மாட்டியிருந்தது. மறுநாள் சாயங்காலம் தலையணைக்கு அடியில் புத்தகத்தைக் காணோம்.

“நான்தான் நூலகத்துல திருப்பிக் குடுத்துட்டேன்,” என்றான் தம்பி. “என் பொண்ணு கல்யாணம் பேச சம்பந்தி வீட்டுக்காரங்க வர்ற நேரம். கிழவிக்குக் குமரிக் கதை கேக்குதான்னு சிரிக்கமாட்டாங்களா?”

அவளுக்கு உச்சி வரை பற்றிக்கொண்டு வந்தது.

“என் பதினஞ்சு வயசு உன் மூக்கைத் தொடைச்சே போச்சுடா. அதை இப்பத்தான் உக்காந்து படிக்கிறேன். அதுலயும் கையை வைப்பியா?”

“கத்தாதக்கா. அந்தப் பொண்ணு கரை சேர்ந்துருவா. கடைசிப் பக்கத்தைப் பாத்துட்டுத்தான் குடுத்தேன்.”

“அடப்பாவி, முடிவையும் சொல்லிட்டியேடா!”

துணிமணிகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு, சம்பந்திகள் படியேறும்போதே அவர்களைத் தாண்டி இறங்கிப் போனாள். தம்பி கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லை.

இப்போது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துத் தனியாக இருக்கிறாள்.