மாதையன் அண்ணனின் சட்டை

மாதையன் அண்ணன் போய்விட்டார். காலையில் சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து அவர் மச்சினன் போன் செய்தார்.

கடையைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன்... மீனைக் கையில் எடுக்கவே மனசு வரவில்லை.

ஒகேனக்கல் வந்தவர்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். என் மீன் கடைக்கு எதிரே எண்ணெய் மசாஜ் செய்வார். கூச்சப்படுகிற டூரிஸ்ட்டை எல்லாம் கிண்டல் செய்தே சட்டையைக் கழற்ற வைத்துவிடுவார்.

அப்படிப்பட்ட மனுஷன் போன கோடையில் திடீரென்று சட்டை போட்டுக்கொண்டு வேலை செய்ய ஆரம்பித்தார். மே மாத வெயிலில்... எண்ணெயும் வியர்வையுமாக. புது மாப்பிள்ளை என்று எல்லோரும் ஓட்டினோம்.

ஒருநாள் கடைக்குப் பின்னால் கூப்பிட்டுச் சட்டையைத் தூக்கிக் காட்டினார். இரண்டு மார்பும் பெண்களுக்குப் போல வீங்கியிருந்தன. தொட்டாலே வலி.

தேய்த்துத் தேய்த்துத் தசை பிடித்துக்கொண்டது என்று நினைத்து, கூட வேலை செய்கிற ஒருவரை விட்டுத் தினமும் எண்ணெய் போட்டு நீவச் சொல்லியிருக்கிறார்.

பென்னாகரம் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். விதைப்பையில் கட்டி ஏதாவது இருக்கிறதா என்று டாக்டர் நேராகவே கேட்டார். இல்லை என்று அண்ணன் பட்டென்று சொல்லிவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில்தான் வாயைத் திறந்தார். "இருக்குதுப்பா. ஒரு பக்கம் கல்லாட்டம். வலியே இல்ல. அந்த நர்சுப் பொண்ணு எங்க மாமியா ஊரு... அது முன்னால எப்படிச் சொல்றது?"

எனக்கு வந்த கோபத்துக்கு... இறங்கித் திரும்பிப் போகலாம் என்றேன். ஆடிப்பெருக்குக் கூட்டம் முடியட்டும் என்றார். அது முடிந்ததும் தீபாவளி என்றார்.

கடைசியில் தருமபுரியில் ஸ்கேன். அந்தக் கட்டி சுரந்த ஹார்மோனால்தான் மார்பு வீங்கியதாம். ரொம்ப அரிதான வகையாம். அதற்குள் நுரையீரல் வரை போயிருந்தது. ஆபரேஷன் செய்தார்கள், மருந்து ஏற்றினார்கள்... கேட்கவில்லை.

இப்போது அவர் வீட்டு வாசலில் நின்று டைப் செய்கிறேன். ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை. நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

இதையெல்லாம் வெளியே எழுதலாமா என்று அண்ணியிடம் கேட்டேன். "எழுதுங்க. எங்கிட்டயே சொல்லலையே அந்த மனுசன்" என்றார்.

சற்றுமுன் மசாஜ்காரர்களில் ஒருவர், பெயர் வேண்டாம், என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, எனக்கும் ஒரு பக்கம் கெட்டியா இருக்குதுங்க. வூட்டுல தெரியாது. கூட வரீங்களா?"

அடக்கம் முடிந்ததும் அவரைக் கூட்டிக்கொண்டு நேராகத் தருமபுரி பஸ் ஏறுகிறேன். எந்தப் பண்டிகையும் குறுக்கே வர விடமாட்டேன்.

காரியத்துக்கு வந்துவிடுகிறேன். போய் வாங்கண்ணே...