பூக்கள் மிதந்தன, படகு மிதக்கவில்லை

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆவணி மாதத்துக் காலையில், கொள்ளிடம் ஆற்றில் நடந்தது இது. ஆறு கடலில் சேர்வதற்குச் சில மைல் முன்னால், நடு ஆற்றில் இருக்கும் ஒரு திட்டில்தான் எங்கள் வீடும் முல்லைத் தோட்டமும் இருக்கின்றன. நான் அக்கரைப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. என் கணவர் பூ விவசாயி. எனக்குப் பள்ளிக்கூடம், அவருக்கு மயிலாடுதுறைக்குப் போகும் பூ வண்டி. விடிந்ததும் இருவரும் ஆற்றைக் கடந்தாக வேண்டும்.

ஊர்ப் படகுக்குக் காத்திருந்து அலுத்துப் போய், அந்த வருடம் தை மாதம் சொந்தமாக ஒரு சின்ன அலுமினியப் படகு வாங்கினோம். படகுச் சவாரியை நிறுத்திவிட்ட ஒரு விடுதியில் வெயிலில் கிடந்த பழைய படகு. கழுவித் தண்ணீரில் இறக்கியபோது சாம்பல் பூசித் தேய்த்த பாத்திரம் மாதிரி பளபளத்தது. அந்தத் தை மாதக் காலைகளை இப்போது நினைத்தாலும் தூக்கத்தில் கண்டது போலத்தான் இருக்கிறது. பனியில் இரண்டு கரையும் தெரியாது. அவர் மூங்கில் கழியை ஊன்றி உந்துவார். தண்ணீர் சொட்டும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இருக்காது. பூக்கூடைகளுக்கு நடுவில் நான் புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். போகிறோமா, நின்றுகொண்டிருக்கிறோமா என்றே தெரியாது. திடீரென்று பனிக்குள்ளிருந்து அக்கரைத் தென்னைகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். இறங்கவே மனம் வராது.

பங்குனி வெயிலில்தான் சிக்கல் வந்தது. கரைக்குப் போய் வண்டி வருவதற்குள் அரும்பு மலர ஆரம்பித்துவிடும். மலர்ந்த முல்லையை யாரும் வாங்க மாட்டார்கள். படகில் நிழலாக ஓர் இடம் இருந்தால் நன்றாக இருக்குமே என்று யோசித்தோம். படகின் மூன்று இருக்கைகளும் பெட்டி மாதிரி நான்கு பக்கமும் அடைத்திருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, துளை போடும் மிஷினை இரவல் வாங்கி வந்து ஒரு பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே மஞ்சளாக, ரொட்டி மாதிரி, பெட்டி முழுக்க ஃபோம்.

அவர் அதை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இதை எதுக்கு டீச்சர் வெச்சிருப்பாங்க?" என்று கேட்டார். வீட்டிலும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார், பாதி கேலி, பாதி பெருமை.

எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லும் பழக்கம் விட்டுப் போயிருந்தது. எங்கள் இரண்டு குடும்பத்திலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். என் அப்பாவும் மாமனாரும் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்தவர்கள். வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும், மருந்துச் சீட்டோ பட்டாவோ, என் கையில்தான் கொடுப்பார்கள். நான் சொன்னால் அதோடு பேச்சு முடிந்துவிடும். அன்றைக்கும் யோசிக்காமல் சொன்னேன்.

"தகடு அதிர்ந்து சத்தம் வராம இருக்கத்தாங்க. எடுத்துடலாம்."

அவர் ஒரு நிமிடம் அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதிர் அரிவாளை எடுத்து வந்து அறுக்க ஆரம்பித்தார். தூள் பறந்து அவர் மீசையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. நான் பார்த்துச் சிரித்தேன். சாயங்காலத்துக்குள் மூன்று பெட்டியும் காலி. உள்ளே ஈரத்துணி விரித்துப் பூவை வைத்தால் கரை சேரும்வரை அரும்பு அரும்பாகவே இருந்தது. திட்டில் எல்லாரும் வந்து பார்த்து, டீச்சர் மூளையே மூளை என்றார்கள். அதையும் சிரித்தபடி வாங்கிக்கொண்டேன்.

ஒன்பதாம் வகுப்புக்கு மிதத்தல் பாடத்தை அதுவரை எத்தனையோ முறை நடத்தியிருந்தேன். அது ஒருமுறை கூட அந்தப் படகோடு சேர்ந்து என் நினைவுக்கு வரவில்லை என்பதுதான் விந்தை.

ஆவணியில் மேலே அணையிலிருந்து திறந்துவிட்ட புதுத்தண்ணீர் வந்தது. ஆறு செம்மண் நிறத்தில், சத்தம் போடாமல், அகலமாகப் போய்க்கொண்டிருந்தது. அன்று பெட்டிகள் நிறையப் பூ, போதாததற்கு இரண்டு மூட்டை கத்தரிக்காய். பாதி ஆறு தாண்டியபோது கழி சேற்றில் மாட்டிக்கொண்டது. அவர் அதை விடாமல் இழுத்தார். படகு போகிற போக்கில் போக, அவர் சாய, நானும் பயந்து அவர் பக்கமே எட்டிப் பிடித்தேன். படகின் விளிம்பு ஒரு சாண் தாழ்ந்தது. அவ்வளவுதான், தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது.

தண்ணீர் மொள்ளும்போது குடம் எப்படி உள்ளே போகுமோ அப்படி, நேராக, நிதானமாக எங்கள் காலுக்கடியிலிருந்து படகு போய்விட்டது.

முழங்கால் அளவு வாய்க்கால் தண்ணீரில் வளர்ந்தவள் நான். நீச்சல் தெரியாது. தலைக்கு மேல் தண்ணீர் மூடியதும் எல்லாச் சத்தமும் நின்றுபோனது. கண்ணைத் திறந்தால் எங்கும் தேன் நிறத்தில் வெளிச்சம். மேலே, அந்த வெளிச்சத்தின் முகட்டில், வெள்ளை வெள்ளையாக என்னவோ மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் முல்லை அரும்புகள். பெட்டியிலிருந்து வெளியேறி ஆறு முழுக்கப் பரவியிருந்தன. பயம் என்பது அந்த நொடியில் இல்லவே இல்லை. அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். அந்த நினைப்பை இன்று நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

அவர் என் ஜாக்கெட்டைப் பிடித்து மேலே தூக்கினார். நல்ல நீச்சல்காரர்தான். ஆனால் நான் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. இரண்டு பேருமாக இரண்டு முறை முழுகி எழுந்தோம். பிடித்துக்கொள்ள ஒரு குச்சி இல்லை. அப்போதுதான் முகத்துவாரப் பக்கமிருந்து நண்டு வலைப் படகு ஒன்று வந்தது. கடற்கரை ஊர்க்காரர்கள், ஒரு கணவன் மனைவி. அந்த அம்மா குனிந்து என் பின்னலைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டார்கள்.

"நான் புடிச்சிட்டேன். நீங்க அவரை விட்டுடுங்க. விடுங்கம்மா, ஒண்ணும் ஆவாது."

விட்டேன். அந்தக் குரலுக்காகத்தான் விட்டேன்.

எங்களை மேலே இழுத்துப் போட்டு, என்னைத் தார்ப்பாயில் சுற்றி உட்கார வைத்தார்கள். அந்த அம்மாவின் கணவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். படகு போன இடத்தில் ஒரு குமிழி கூட இல்லை. என்ன படகு என்று விசாரித்தார். அலுமினியம் என்றதும் எங்கள் பக்கம் திரும்பினார்.

"பெஞ்சுக்கு உள்ள இருந்தத எடுத்துட்டீங்களா?"

என் கணவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"அது இருந்திருந்தா தண்ணி ரொம்பினாலும் போட் அடியில போவாது. மேலாக்க கெடக்கும். அதைப் புடிச்சிக்கிட்டே நீங்க கெடந்திருக்கலாம். அதுக்குத்தான் வெச்சிருக்கான்."

எடுக்கச் சொன்னது நான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் கணவர் சொல்லிவிட்டார்.

"நான்தாங்க எடுத்தேன். எடம் வேணும்னு."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

கரையில் இறக்கிவிட்டவர்கள் ஒரு டீ கூடக் குடிக்காமல் கிளம்பினார்கள். வரும் வழியிலேயே அந்த அம்மா கைக்கு எட்டிய அரும்புகளைத் தண்ணீரிலிருந்து அள்ளி, வலை பின்னுகிற நைலான் நரம்பில் கோத்திருந்தார்கள். திரும்பிப் போகும்போது அது அவர்கள் தலையில் இருந்தது. இன்னொரு கொத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எந்த ஊர் என்று கூட நான் கேட்கவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு படகை மீட்டோம். பெட்டிகளுக்குள் மூடி இறுக்கிய காலி பிளாஸ்டிக் கேன்களை அடைத்துத் தகட்டை மறுபடி பொருத்தினார். ஆனால் பேச்சு வடியவில்லை. மிதவையை அறுத்துப் போட்டுவிட்டுப் பெண்டாட்டியை ஆற்றில் தள்ளப் பார்த்தவன் என்று திட்டு முழுக்க அவரைக் கிண்டல் செய்தார்கள். படித்தவளைக் கட்டியும் புத்தி வரவில்லையே என்றார்கள். அவர் சிரித்துக்கொண்டு போய்விடுவார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, ஐந்து மாதம். வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதும்போதெல்லாம் முதுகில் யாரோ பார்ப்பது போலிருக்கும்.

மறு தை மாதம், நாத்தனார் வீட்டுக் காதுகுத்து. பந்தியில் என் கணவரின் அண்ணன் பழைய பேச்சை எடுத்தார். இந்த முறை கிண்டலாக இல்லை. இவனை நம்பி எதையும் கொடுக்க முடியாது, அண்ணன் தம்பி சேர்ந்து வாங்கிய நிலத்துப் பம்புசெட் பொறுப்பை வேறு ஆளிடம் விடலாம் என்று சொல்லிக்கொண்டே போனார். என் கணவர் இலையைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தார். அந்தக் கை நின்றுபோனதை நான் பார்த்தேன்.

"அவரு இல்லை மாமா. எடுக்கச் சொன்னது நான். என்னன்னு தெரியாமலே தெரிஞ்ச மாதிரி சொன்னேன்."

ரசம் ஊற்ற வந்தவர் வாளியோடு அப்படியே நின்றார். மூத்தவர் என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். பிறகு, சாப்பிடுங்க, சாப்பிடுங்க என்று பொதுவாகச் சொன்னார். பம்புசெட் பேச்சு அதோடு நின்றது. மறுநாளிலிருந்து திட்டில் கிண்டல் என் பக்கம் திரும்பியது. அது நான் பயந்த அளவுக்குக் கனமாக இல்லை.

காதுகுத்து அன்று சாயங்காலம் வீட்டுக்கு அதே படகில்தான் திரும்பினோம். ஆறு தெளிந்து, அசையாமல் கிடந்தது. மேற்கே வெளிச்சம் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நடு ஆற்றில் அவர் கழியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு உட்கார்ந்தார். படகு தானாகப் போனது. பிறகு பேச ஆரம்பித்தார்.

"எனக்கு அன்னிக்கே சந்தேகம்தான். சின்ன வயசுல இடுப்புல காலி டின்னக் கட்டிக்கிட்டுத்தானே நீச்சல் கத்துக்கிட்டேன். இதுவும் அதுபோல ஏதோ ஒண்ணுன்னு மனசுல பட்டுச்சு."

பின்னே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ அவ்வளவு தெளிவா சொன்ன. அப்புறம் நான் என்னத்தச் சொல்றது?"

அதில் குற்றம் சாட்டும் தொனியே இல்லை, அதுதான் என்னைச் சுட்டது. அதற்குப் பிறகு வீட்டிலும் வகுப்பிலும் யாராவது ஒன்றைக் கேட்டால், "தெரியலையே, உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்கப் பழகியிருக்கிறேன், என்னை நம்பி எத்தனை பேர் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருந்துவிட்டார்களோ என்ற எண்ணம் மட்டும் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.