குமார் தம்பியின் ரைபிளுக்கு வைத்த பொட்டு

பேய், சகுனம், செய்வினை எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. வீட்டில் என் மனைவி எலுமிச்சம்பழத்தைச் சுற்றித் தெருவில் போட்டால், இதை ரசத்துக்குப் பிழிந்திருக்கலாமே என்று சொல்கிற ஆள் நான். அதனால் இதைக் கேட்கும்போது உங்கள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் பார்ப்பேன். சொல்வதற்குப் பயமில்லை. வெட்கம்தான்.

தி.நகரில் ஒரு நகைக்கடை வாசலில் துப்பாக்கியோடு நிற்பது என் வேலையாக இருந்தது. சொந்த இரட்டைக்குழல் துப்பாக்கி, லைசென்ஸ் என் பெயரில். ராணுவத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்தவன் என்பதால் கடையில் எல்லோரும் என்னை மிலிட்டரி என்றுதான் கூப்பிடுவார்கள், என் பெயர் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. நான் ராணுவத்தில் சமையல்காரனாக இருந்தேன் என்பதும் தெரியாது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பயிற்சியில் எல்லோரையும் போல ரைபிள் பிடித்திருக்கிறேன், அட்டையைச் சுட்டிருக்கிறேன், அதற்குப் பிறகு கரண்டிதான். நாலு பேர் நடுவில் பேசுவதற்கே எனக்குக் கூச்சம். வாசலில் விறைப்பாக நின்றால் பேச வேண்டியதில்லை, அதனால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

முதலாளி குடும்பம் தெற்கத்திப் பக்கம். பெரியவர் காலமான பிறகு அம்மாதான் கடையைப் பார்த்துக்கொண்டார்கள். ஒரே மகன் குமார் தம்பி கனடாவில் வேலை. அந்த வருஷம் தை மாதம் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர் ஒருநாள் என்னை மாடியில் ஏசி அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. காபி வரவழைத்துக் கொடுத்த பிறகு உட்கார்ந்தேன்.

கனடாவில் பனி உருகி வசந்தம் வந்ததும் கருங்கரடி வேட்டைக்கு அனுமதி உண்டாம், கூட வேலை செய்யும் ஒருவர் வருஷா வருஷம் போகிறாராம், தம்பி பரீட்சை எழுதி லைசென்ஸும் வாங்கிவிட்டாராம். எந்த ரைபிள் வாங்குவது என்பதுதான் குழப்பம். லேப்டாப்பில் மூன்று நான்கைத் திறந்து வைத்திருந்தார்.

"இருநூத்தி எழுபதுன்னு ஒண்ணு இருக்குண்ணே. கூட்டினா ஒம்பது, என் நம்பர். முந்நூத்தெட்டு கூட்டினா ரெண்டுதான் வருது."

"கார் நம்பரா தம்பி இது, கூட்டிப் பாக்கறதுக்கு?" என்றேன். எனக்கே ஆச்சரியம், நான் அப்படியெல்லாம் பேசுகிறவன் இல்லை. அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. பயிற்சியில் நாங்கள் பிடித்ததும் ஏறக்குறைய முந்நூற்றெட்டுத் தோட்டாதான், உதை தாங்கலாம், மலையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்பதால் கனமானதை எடுக்காதீர்கள், முதலில் நூறு தடவையாவது காகிதத்தைச் சுட்டுப் பழகுங்கள் என்றெல்லாம் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"கரடியப் பாத்திருக்கீங்களா?"

"கேம்ப் கிட்ட வரும் தம்பி." அது உண்மை. எங்கள் சமையல்கூடத்தின் எச்சில் டிரம்முக்கு வரும், நான் தட்டைத் தட்டி விரட்டுவேன். அதைச் சொல்லவில்லை.

கீழே வந்தால் வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்ளும் பாபு காத்திருந்தான். "இன்னா மிலிட்டரி, மேல காபியாமே? கனடா கரடிக்கு நாள் குறிக்கிறது நீதானா? பாவம், அதுக்கு இன்னா தெரியும், மந்தவெளில ஒருத்தன் ஸ்கெட்ச் போட்டுக்கினு கீறான்னு." எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று மந்தவெளியில் என் வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் நிமிர்ந்து நின்றேன் என்று நினைக்கிறேன்.

தம்பி ஊருக்குப் போன பிறகு விஷயம் அம்மா காதுக்குப் போய்விட்டது. ஒரு காலை கடை திறக்கும் முன் என்னைக் கல்லாப் பக்கம் கூப்பிட்டார்கள்.

"ஏ மிலிட்டரி, இவன் கரடி சுடப் போறானாம்லா. எங்க வீட்டுல மூட்டப்பூச்சிய நசுக்கக்கூட ஆள் கூப்பிடணும். நான் சொன்னா சிரிக்கான். காட்டுக்குள்ள எவன் எவனச் சுடுவான்னு யாருக்குத் தெரியும். ஒத்தப் புள்ளய்யா. நீ சொன்னா கேப்பான், போவாதன்னு ஒரு வார்த்த சொல்லிரு."

"சொல்றேம்மா" என்றேன்.

அங்கேயே வீடியோவில் கூப்பிட்டு போனை என் கையில் கொடுத்தார்கள். தம்பி என்னைப் பார்த்ததும் ரைபிளைத் தூக்கிக் காட்டினார், "அண்ணே, நீங்க சொன்ன முந்நூத்தெட்டே வாங்கிட்டேன், எப்படி?" என்றார். வாய் வரைக்கும் வந்தது. அம்மா பக்கத்தில் நிற்கிறார்கள், அந்த மூச்சு எனக்குக் கேட்கிறது. ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா, "பட்டையக் கொஞ்சம் இறக்கிக் கட்டுங்க தம்பி, தோள் வலிக்காது" என்றேன்.

அம்மா போனை வாங்கி வைத்துவிட்டார்கள். கோபிக்கவில்லை. "சாப்பிட்டியாய்யா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்கள். திட்டியிருந்தால் தேவலை.

அட்சய திருதியை வந்தது. அன்று எங்கள் தெரு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், விடிவதற்கு முன்பே வரிசை நின்றுவிடும், ஒரு கிராமாவது வாங்கிவிட வேண்டும் என்று மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து கூட்டமாக வருவார்கள். கடை திறக்கும் முன் பூஜை நடக்கும். தராசு, கல்லாப் பெட்டி, பில் போடும் மெஷின், கடைசியாக என் துப்பாக்கி, எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். அந்த நேரத்தில் தம்பி போன் செய்தார். அங்கே அப்போது முந்தின நாள் சாயங்காலம்.

"அண்ணே, இன்னும் கொஞ்ச நேரத்துல கிளம்பறோம். இன்னிக்குத்தான் முதல் நாள். பூஜையில என் ரைபிளுக்கும் ஒரு பொட்டு வெச்சிருங்க."

"அது அங்க இருக்கே தம்பி."

"உங்க துப்பாக்கிக்கே வைங்க, என் ரைபிள்னு சொல்லி வைங்க. போதும்."

இப்போதாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அம்மா பத்தடி தூரத்தில் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பி நின்றுகொண்டு, வலது குழாயின் மேல் இரண்டாவதாக ஒரு பொட்டு வைத்து, இது குமார் தம்பி ரைபிள் என்று முணுமுணுத்தேன். நம்பிக்கை இருந்து வைக்கவில்லை. அவர் கேட்டார், மறுக்க எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

பிறகு வழக்கம் போல இரண்டு தோட்டா போட்டு மூடிக்கொண்டு வாசல் கண்ணாடிக் கதவுக்கு உட்புறம் நின்றேன். அன்று கூட்டத்தைப் பார்த்து என்னை உள்ளே நிற்கச் சொல்லியிருந்தார் மேனேஜர் செல்வம் அண்ணாச்சி. எதிரே வைர கவுண்டருக்கு முன்னால் ஒரு நாற்காலியில் அம்மா உட்கார்ந்து, வருகிற பெண்களுக்குக் குங்குமமும் ரவிக்கைத் துணியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஏழரை இருக்கும். நன்றாக வெயில் வந்துவிட்டது. கதவு திறந்தது, யாரும் வரவில்லை. எப்போதும் உள்ளேயிருந்து ஏசிக் குளிர் வெளியே போகும், வெளியேயிருந்து சித்திரை வெக்கை உள்ளே வரும். அன்று வெளியேயிருந்து குளிர் வந்தது. ஏசிக் குளிர் இல்லை, பல் கூசுகிற மலைக் குளிர், ஈர மண்ணும் மரப்பிசினும் கலந்த குளிர். கதவு மூடாமல் அப்படியே நின்றது, பெரிய சாமான் ஒன்றை உள்ளே கொண்டுவரும்போது பிடித்துக்கொண்டு நிற்போமே, அந்த மாதிரி. நான் தன்னால் ஒதுங்கி வழிவிட்டேன். பிறகு அந்த வாடை வந்தது. மல்லிகைப்பூ, ஊதுவத்தி எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு, நனைந்த கம்பளியும் புளித்த மாவும் சேர்ந்தது போல. எச்சில் டிரம் பக்கத்தில் பல வருஷம் முகர்ந்த வாடை அது, எனக்குச் சந்தேகமே வரவில்லை.

என் இடது தொடையின் மேல் ஏதோ சாய்ந்தது. சூடாக, கனமாக. கையைக் கீழே விட்டேன், முடி. முரட்டு முடி, அதற்குள் விரல் போனது, அது மூச்சு விடுவது கைக்குத் தெரிந்தது. நம்பினால் நம்புங்கள், எனக்கு அதனிடம் பயமே வரவில்லை. பயம் எதிரே இருந்தது. எதிரே கவுண்டர் இல்லை, நாற்காலி இல்லை, கூட்டம் இல்லை. இளம்புல் முளைத்த ஒரு மண்பாதை, அதன் கோடியில் ஆரஞ்சு நிற அரைக்கோட்டுப் போட்ட ஒரு ஆள் ஒற்றைக் காலில் மண்டியிட்டு எங்களைக் குறி வைத்துக்கொண்டிருந்தான். எங்களை என்றுதான் எனக்குத் தோன்றியது. முகம் தெரியவில்லை. அவன் சுட்டுவிடுவான் என்று மட்டும் தெரிந்தது.

அதற்குப் பிறகு எனக்கு நினைவில் இருப்பது ஒரே ஒரு குரல்தான்.

"ஏ மிலிட்டரி, நாந்தான்யா."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னார்கள், கத்தக்கூட இல்லை. குங்குமச் சிமிழ் கையில் இருந்தது. என் துப்பாக்கி தோளில் ஏறி அவர்கள் நெஞ்சுக்கு நேராக நின்றிருந்தது. சுற்றி இருந்த பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து ஓடிக்கொண்டிருந்தார்கள், ஒரு பாட்டி கீழே விழுந்து கண்ணாடி வளையல் உடைந்து கையெல்லாம் ரத்தம். செல்வம் அண்ணாச்சி என் கையை மேலே தட்டித் துப்பாக்கியைப் பிடுங்கினார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டேன். பத்துப் போன்கள் என்னைப் படம் பிடித்தன. அதில் ஒன்று என் மனைவியின் தங்கை வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

போலீசுக்குப் போகக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார்கள். விடியற்காலையிலிருந்து நின்றதில் தலை சுற்றிவிட்டது என்று ஒரு பேச்சை அவர்களே கட்டிக்கொடுத்தார்கள். ஸ்டாக் அறையில் என்னை உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். பாபு வந்து எட்டிப் பார்த்தான், எதையும் கிண்டல் செய்யாமல் விடாதவன், "வீட்டாண்ட உட்டுட்டு வரட்டா மாமா?" என்று மட்டும் கேட்டான். அதுவரை அவன் என்னை மாமா என்று கூப்பிட்டதில்லை.

சாயங்காலம் தம்பியிடமிருந்து போன். கடை விஷயம் தெரிந்து திட்டப் போகிறார் என்று நினைத்து எடுத்தேன். அவருக்கு அது தெரியாது.

"அண்ணே, நேத்து சாயங்காலம் நீங்க எங்க இருந்தீங்க? உங்களுக்கு அப்போ காலைல."

"கடையிலதான் தம்பி."

அப்புறம்தான் நடந்ததைச் சொன்னார். கரடி புல் மேய வந்ததாம். நண்பர் வண்டிக்குப் பக்கத்தில் இருந்தாராம், இவர் மட்டும் முன்னால் போய் மண்டியிட்டு, ரைபிள் மேல் இருக்கும் கண்ணாடி வழியாகப் பார்த்தால் கரடிக்குப் பக்கத்தில் ஒரு ஆள். நம் கடை யூனிபார்ம், ஒரு கை கரடி முதுகில்.

"உங்க மீசை தெரிஞ்சுதுண்ணே. நீங்க துப்பாக்கிய எடுத்து என்னக் குறி வெச்சீங்க. பயந்துபோய் நானும் உங்களப் பாத்து அழுத்திட்டேன். வெடிக்கல. டிக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். ரைபிளப் போட்டுட்டு ஓடி வந்துட்டேன்."

"என்ன கலர் கோட்டு போட்டிருந்தீங்க தம்பி?" என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அவரே பேசிக்கொண்டே போனார். நண்பர் ரைபிளைப் பிரித்துப் பார்த்தாராம், ஒரு குறையும் இல்லையாம். அந்தத் தோட்டாவின் அடியில் ஊசி பட்ட தடமே இல்லையாம், ஒரு கீறல்கூட. அதே தோட்டாவைத் திரும்பப் போட்டு மரத்தைச் சுட்டால் வெடித்ததாம்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்கண்ணே" என்றார். நான் சொல்லவில்லை. அவர் பிறகு வேட்டைக்கே போகவில்லை. அம்மா, நான்தான் போனில் பேசி நிறுத்திவிட்டேன் என்று நினைத்து, செல்வம் அண்ணாச்சியிடம் எனக்கு வேட்டியும் புடவையும் கொடுத்தனுப்பினார்கள். துப்பாக்கியை நீட்டியவனுக்கு. அந்த வேட்டியை நான் இன்னும் கட்டவில்லை.

வேலைக்கு நானே வரவில்லை என்று சொல்லிவிட்டேன். இப்போது அடையாறில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் கேட் திறந்து மூடுகிறேன், கையில் விசில் மட்டும்தான். அன்று பிடுங்கிய துப்பாக்கியை அண்ணாச்சி எனக்குத் திருப்பிக் கொடுத்தபோது, உள்ளே இருந்த இரண்டு தோட்டாவையும் காகிதத்தில் மடித்துத் தந்தார். "பாத்துக்க" என்றார். நான் பிரித்துப் பார்க்கவில்லை. துப்பாக்கி வேண்டாம் என்று ஆயுதக் கடையில் ஒப்படைக்கப் போனபோதுதான், அங்கே இருந்த வயதானவர் காகிதத்தைப் பிரித்தார். ஒரு தோட்டாவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா நைனா, வெடிக்கலன்னு திரும்ப அடிச்சுப் பாத்தியா?"

வாங்கிப் பார்த்தேன். என் விரல் இருந்த முன்விசை வலது குழாய்க்குத்தான், அதனால் வலது குழாயில் இருந்த தோட்டா அது. அடியில் நடுவில் இருக்கும் சின்ன வட்டத்தில் ஊசி குத்திய பள்ளம் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். ஒருமுறை அழுத்திய பிறகு அந்தத் துப்பாக்கியின் பூட்டைக் கட்டைவிரலால் தள்ளி, மடித்துத் திறந்து மூடினால்தான் மறுபடி அழுத்த முடியும். நான் திறக்கவில்லை, கடைக் கேமராவில் அண்ணாச்சி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டியிருக்கிறார், என் கட்டைவிரல் அசையவே இல்லை.

ஒரு பள்ளம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். இன்னொன்று என் விரல் அழுத்தியது. குழாய்க்கு நேராக அப்போது அம்மா உட்கார்ந்திருந்தார்கள்.