ரீபூட் ஆகித் திரும்பும் வரை

லினக்ஸ் சர்வர்களை அப்கிரேட் செய்வது என் பிழைப்பு. அதில் பாதி, ரீபூட் ஆன மெஷின் திரும்பி வருமா என்று திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. அந்த நேரத்தில் மனசு எங்கெங்கோ மிதந்து போய்விடும். இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லாமலே தெரியும்.

செம்பூரில் பெயர் மாறியது

மும்பை செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். முலுண்டில் என் வீட்டிலிருந்தபடியே அதன் சர்வரை அப்கிரேட் செய்து ரீபூட் கொடுத்தேன். மெஷின் நெட்வொர்க்குக்குத் திரும்பவில்லை. வரவேற்பில் இருக்கும் ஷீலாவுக்குப் போன் செய்தேன். "ஸ்கிரீன்ல பாஸ்வேர்ட் கேக்குது சார். ஆனா ஒரு ரிப்போர்ட்டும் வெளிய போகல. மத்தியானம் ஒரு அம்மாவுக்கு ஆபரேஷன், ஆஸ்பத்திரியில காத்துட்டிருக்காங்க" என்றார்.

உடனே கிளம்பி, குர்லாவில் வண்டி மாறி ஹார்பர் லைன் ரயிலில் நின்றேன். கதவோரம் காற்று முகத்தில் அடித்தது. தண்டவாளத்தை ஒட்டிய வீடுகளில் காய்ந்த சேலைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் தெரியாத அந்த அம்மா என் நினைப்பை விட்டுப் போகவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் ஷீலா பரிசோதனை மெஷினிலிருந்தே நேராக ஒரு பிரிண்ட் எடுத்து, டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, தன் கணவரிடம் கொடுத்து ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்.

கோளாறு சின்னதுதான். அப்கிரேடுக்குப் பிறகு சிஸ்டம் நெட்வொர்க் கார்டுக்கு வேறு பெயர் வைத்துவிட்டது. செட்டிங் ஃபைலில் பழைய பெயரே இருந்தது. திருத்திவிட்டு விளக்கினேன். ஷீலா யோசித்துவிட்டுச் சொன்னார்: "எங்க வீட்டுக்காரருக்கு வீட்டுல துரை, ஆபீஸ்ல ஜேம்ஸ். துரை இருக்காரான்னு ஆபீஸுக்குப் போன் பண்ணினா, அப்படி யாருமே இல்லைன்னுதான சார் சொல்லுவாங்க?"

தாராவியில் மழை

தாராவியில் ஜெபராஜ் என்பவர் தோல் பை செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். திசையன்விளைப் பக்கத்துக்காரர். பைகளின் வடிவங்களெல்லாம் சர்வரில் இருக்கும். வெட்டும் மெஷின் அங்கிருந்து எடுத்து வெட்டும். நான் சர்வரை அப்கிரேட் செய்ததும் வெட்டும் மெஷின் நின்றது. சாயங்காலம் டெம்போவில் வாஷிக்கு அனுப்பவேண்டிய சரக்கு பாதியில் கிடந்தது.

வெட்டு நின்றதால் தையலும் நின்றது. மின்விசிறி மட்டும் சுற்றியது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. தையல்காரர்கள் ஒவ்வொருவராகத் தலை நிமிர்ந்தார்கள். அவர்களில் எஸ்தர் அக்கா கன்னத்தில் கை வைத்து, ஜன்னல் வழியே சந்தில் ஓடும் தண்ணீரைப் பார்த்தார். எனக்கும் விரல்கள் கீபோர்டில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டன.

பிறகுதான் பிடிபட்டது. நெட்வொர்க்கில் சர்வருக்கான முகவரி எழுதிய ஃபைல் அதன் இடத்திலேயே இருந்தது. புதிய சிஸ்டம் அந்த ஃபைலைப் படிப்பதில்லை. ரவுட்டர் கொடுத்த ஏதோ ஒரு முகவரியை வாங்கிக்கொண்டு சர்வர் சும்மா இருந்தது. வெட்டும் மெஷினோ பழைய முகவரியிலேயே தட்டிக்கொண்டிருந்தது. பழைய முகவரியைப் புதிய முறையில் எழுதிக் கொடுத்ததும் மெஷின் உறுமியது, தையல் சத்தம் எழுந்தது, மழைச் சத்தம் அதில் காணாமல் போனது. திட்டு விழும் என்று காத்திருந்தேன். ஜெபராஜ் கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "இத்தன வருசமா இங்கனதான் கெடக்கேன். இந்தத் தகரத்துல மழ வுழுற சத்தத்த இன்னைக்குத்தான்ணே கேக்கேன்."

மாட்டுங்காவில் இரண்டு நிமிடம்

இத்தனை பட்ட பிறகு ஒரு பழக்கம் வந்தது. நெட்வொர்க் செட்டிங்கை மாற்றும்போது நேராக அமல்படுத்துவதில்லை. 'முயன்று பார்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. இரண்டு நிமிடத்துக்குள் நாம் சரி என்று சொல்லாவிட்டால் மெஷின் தானாகப் பழைய நிலைக்குப் போய்விடும்.

மாட்டுங்காவில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி. வார்டன் விசாலம் மேடம். அங்கே எல்லோருக்கும் இன்டர்நெட் கொடுக்கும் லினக்ஸ் மெஷினை அப்கிரேட் செய்துவிட்டு, புதிய செட்டிங்கை முயன்று பார்த்தேன். ஒரு எண்ணைத் தப்பாக அடித்திருந்தேன். நித்யா என்ற பெண் வாசலில் வந்து நின்றாள். "அங்கிள், நெட் போயிடுச்சு. இன்டர்வியூ ஆரம்பிக்கப் போகுது" என்றாள். நான் சரி என்று அடிக்காமல் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். நானும் நித்யாவும் விசாலம் மேடமும் திரையையே பார்த்தோம். வெளியே மரத்தில் ஒரு குயில் விட்டுவிட்டுக் கூவியது. இரண்டு நிமிடம் முடிந்ததும் திரையில் பழைய செட்டிங் திரும்பியது, நெட்டும் வந்தது. நித்யா மாடிக்கு ஓடினாள். அவள் பேசி முடித்துச் சிரித்த முகத்தோடு இறங்கி வரும்வரை நான் எதையும் தொடவில்லை.

என்ன நடந்தது என்று விசாலம் மேடம் கேட்டார், சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மெதுவாகத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எனக்குக் கல்யாணம் பேசினப்போ டெல்லி வேலைக்கு ஆர்டர் கையில இருந்தது. யாராவது இந்த ரெண்டு நிமிஷத்தைக் கொடுத்திருக்கலாம்."

எல்லாவற்றையும் புதிதாக்கத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள், எதுவுமே மாறாமல் இருந்தால்தான் நன்றி சொல்கிறார்கள்.