பெருமாள்மலையில் நின்ற பஸ்

எனக்கு வயசு எழுபத்தெட்டு, ஆளாக்குனது ஏழு பிள்ளைக. பல வருசத்துக்கு முந்தி, ஊரே அம்மைக்குப் பயந்து கெடந்த காலம் அது. வத்தலக்குண்டுல மகளுக்குப் பிரசவ வலின்னு கொடைக்கானல்ல பஸ் ஏறிட்டேன்.

பெருமாள்மலையில பஸ் நிக்குது. என் கழுத்து, கையெல்லாம் செவந்து தடிச்சிருக்கு.

"அம்மையோட வரலாமாம்மா? எறங்குங்க"ங்கிறார் கண்டக்டர்.

"கொடியில காஞ்ச சேலையில கம்பளிப்பூச்சி ஊர்ந்திருக்குங்க, பாக்காமக் கட்டிட்டேன்." யாரும் நம்பல.

டீக்கடைப் பாய் சம்சாரம் ஏறி வந்து, கூசாம என் நெத்தியைத் தொடுறாங்க. காய்ச்சல் இல்ல. என் முந்தானையைக் கண்டக்டர் கையில ஒரு தேய் தேய்க்கிறாங்க. கொஞ்ச நேரத்துல அவரும் பரபரன்னு சொறியிறார்.

"ஏங்க, உங்களுக்கும் ஆத்தா வந்துட்டாளா?"ங்கிறாங்க பாய் சம்சாரம்.

பஸ்ஸே சிரிக்குது. "ரைட், ரைட்!"

அந்தம்மா முகம் இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு. அவங்களாலதான் நீ பொறக்கையில உங்கம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். நான் சொல்லச் சொல்ல எழுதுனதை வாசி ராசாத்தி, கேப்போம்.