கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தாலி

எழுபதுகளின் தொடக்கத்தில் கொழும்பில் ஒரு நூதனசாலையில், காட்சிக்கு வைத்த பழம்பொருள்களுக்குப் பெயரட்டை எழுதிக்கொண்டிருந்தேன். வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறிப் போய், ஆங்கில அட்டையைப் பார்த்து அதையே தமிழில் எழுதிக்கொடுப்பதுதான் வேலை. பொருளைப் பார்த்து எழுது என்று எவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று மொழியும் ஒத்துப்போனால் போதும் என்பார் மேலாளர். 'தமிழ்ப் பெண்ணின் கழுத்துமாலை, வெள்ளைக்காரத் துரை ஒருவரின் சேகரிப்பு' என்ற அட்டையையும் அப்படித்தான் எழுதினேன். எழுத்து அழகாக விழுந்திருக்கிறது என்று எனக்குப் பெருமை வேறு.

வெளிநாட்டில் நடக்கவிருந்த கண்காட்சிக்கு ஒரு சுவரொட்டி தேவைப்பட்டது. படம்பிடிப்பவர் விளக்குகளைப் பொருத்திக்கொண்டிருந்தபோது மேலாளர் என்னைக் கூப்பிட்டார். சேலை, பொட்டு எல்லாம் இருக்கிறது, அந்த மாலையை நீயே போட்டுக்கொள், உன் சங்கிலியைச் சட்டைக்குள் விட்டுவிடு என்றார். அதைத் தட்டில் கொண்டுவந்து வைத்தார்கள்.

மாலை இல்லை, தாலி. மஞ்சள் கறுத்துப்போன கயிற்றில் மூன்று முடிச்சும் அவிழாமல் இருந்தன. முடிச்சுக்குப் பக்கத்தில் கயிறு அறுக்கப்பட்டிருந்தது. புருஷன் செத்த வீட்டில்தான் அப்படி அறுப்பார்கள். அறுத்த நுனிகளில் கட்டுவதற்கென்று யாரோ புது நூலைக் கோத்திருந்தார்கள்.

"எனக்கு ஏலாது சேர்," என்றேன்.

காரணத்தைச் சொன்னால், மாலை என்று எழுதியது யார் என்று கேட்பார். என்னை நிரந்தரமாக்கும் கடிதம் கையெழுத்துக்காக அவர் மேசையில் கிடந்தது. வீட்டில் இவருக்கு வேலை போய் நாலு மாதம், என்னால்தான் அடுப்பு எரிந்தது. கழுத்தெல்லாம் வேர்க்குரு என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டேன்.

பக்கத்து மேசையில் டைப் அடிக்கும் பெண் எழுந்து வந்தாள். களனிப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை, என்னோடு ஒரே பார்சலில் சோறு சாப்பிடுபவள். அடுத்த மாதம் கல்யாணம், முதல் அழைப்பிதழ் உங்களுக்குத்தான் என்று சொல்லிவைத்திருந்தாள். அக்காவை விடுங்கள், நான் போட்டுக்கொள்கிறேன் என்று மேலாளரிடம் சிங்களத்தில் சொன்னாள். என்னைக் காப்பாற்றுவதாக நினைப்பு.

நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவளுக்கு அது வெறும் நகைதானே, அவர்களிடம் தாலி என்ற வழக்கமே இல்லையே என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கினேன். அவள் கூந்தலை ஒதுக்கித் தலையைக் குனிந்தாள். காட்சிக்கூடத்துப் பணிப்பெண் பின்னால் நின்று நூலை முடிந்தாள். ஒரு முடிச்சு. நூல் வழுக்கியது, இறுக்கி இரண்டாவதையும் போட்டாள். மூன்றாவதற்கு நூலைச் சுற்றும்போது என்னால் பொறுக்க முடியவில்லை.

"கழட்டுங்கோ. அது தாலி. புருஷன் செத்தவளின்ர கழுத்திலயிருந்து அறுத்தது."

பிறகு அதையே சிங்களத்தில் சொன்னேன். அவள் அதைக் கழுத்திலிருந்து அவசரமாகக் கழற்றித் தட்டில் வைத்தாள். மேலாளர் நான் பயந்தபடியே கேட்டார்: அப்படியானால் மாலை என்று எழுதியது யார்? பொருளைப் பார்க்காமல் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டேன். அவர் என் கடிதத்தை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார். தாலியைக் கறுப்புத் துணியில் வைத்துப் படம் எடுத்தார்கள். தமிழ் அட்டையை மட்டும் மாற்றி எழுத விட்டார், மற்ற இரண்டு மொழியிலும் அது மாலையாகவே இருந்தது.

அவள் பின்பக்கக் குழாயடியில் கழுத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். துவாயை நீட்டினேன். வாங்கவில்லை. சிங்களத்தில், குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"உங்கட கழுத்துக்கு எண்டதும் உடன ஏலாது எண்டீங்கள் அக்கா. என்ர கழுத்தில ரெண்டு முடிச்சு விழும்வரைக்கும் பாத்துக்கொண்டு நிண்டீங்கள்."

அவள் கல்யாணத்துக்கு எல்லோருடைய மேசையிலும் அழைப்பிதழ் இருந்தது, என் மேசையில் இல்லை.